நுரை அடங்கினால் நோய் தீருமா?



தென்பெண்ணை ஆற்றை நம்பி வாழும் நம் பகுதியினர்க்கு வெண்ணுரை புதிய காட்சியன்று. மேற்கே மழை பெய்து ஆற்றில் நீர்வரத்து மிகும்போதெல்லாம், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளுக்குக் கீழே, பஞ்சுப் பொதிகளை அவிழ்த்துக் கொட்டினாற்போல நுரை பொங்கி எழுகிறது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நந்திமங்கலத்துக்கு அருகே தரைப்பாலத்தையே நுரை மூடிக்கொண்டு, மக்களின் போக்குவரத்துத் தடைப்பட்டது. சில நாட்களில் நீர்வரத்துத் தணிகிறது, நுரையும் அடங்குகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது என்று எண்ணி நாமும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நுரை அடங்கினால் நோய் தீர்ந்ததாகுமா? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி.

விடை காணுமுன் அந்த நீர் வரும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். தென்பெண்ணை கர்நாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. கன்னட நாட்டார் அதனைத் தட்சிண பினாகினி என்பர். பெங்களூருக்குக் கிழக்கே ஓடிவந்து, கொடியாளத்துக்கு அருகே அது நம் மாநிலத்தில் நுழைகிறது. பெங்களூர் நகரத்துக் கழிவுநீரில் ஒரு பகுதி பெல்லந்தூர் ஏரியில் போய்ச் சேருகிறது. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெரிய ஏரி அது. அது நிரம்பி வழியும் நீர் வர்த்தூர் ஏரிக்கும், வர்த்தூர் ஏரியின் உபரி நீர் தென்பெண்ணைக்கும் வருகின்றன. பின்னர் 44.28 அடி ஆழமுள்ள கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திலும், அதன்பின் கிருஷ்ணகிரி அணையிலும் அந்நீர் தேங்குகிறது. அதற்கும் கீழே நெடுங்கல் அணைக்கட்டின் வழியாக, என் ஊராகிய மத்தூர் இருக்கும் போச்சம்பள்ளி வட்டத்துப் பாரூர் ஏரிக்கும் தென்பெண்ணை நீரே வருகிறது. அணையென்று பெயர் பெற்றாலும் தேங்கிய நீர் ஏரிக்குரிய இயல்பையே கொண்டது. ஆகவே இவை அனைத்தையும் ஏரிகள் என்றே கொண்டு பேசுகிறேன்.

ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகுமாறு நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்தனர். ஒரு சொட்டும் வீணாகாமல் காத்த அந்த ஏற்பாட்டின் வழியாகவே இன்று ஓர் ஏரியின் நோய் மற்றோர் ஏரிக்குத் தொற்றுகிறது. பெல்லந்தூர் ஏரியில் 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் நுரையே தீப்பற்றி எரிந்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மீண்டும் அங்கே தீ எழுந்தது. 2018-இல் அதை அணைக்க இராணுவ வீரர்களும் துணைக்கு வர நேர்ந்தது. நீர் நிறைந்த இடத்தில் நெருப்பா என்று நாடே வியந்தது. ஆயினும் நெருப்பும் நுரையும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் மட்டுமே. நோயின் வேர் நீருக்குள் இருக்கிறது.

ஏரி என்பது வெறும் தண்ணீர்த் தொட்டியன்று. அது உண்ணுகிறது, செரிக்கிறது, மூச்சு விடுகிறது. நீரில் விழும் இலை, தழை, செத்த பூச்சி ஆகியவற்றை நுண்ணுயிர்கள் சிதைத்து உணவாக்கிக் கொள்கின்றன. அவை விட்டுவைக்கும் உப்புச் சத்தைப் பாசி உண்கிறது. பாசியைச் சிறு பூச்சிகளும், பூச்சிகளைச் சிறு மீன்களும், சிறு மீன்களைப் பெரு மீன்களும், அவற்றை நாரையும் கொக்கும் உண்கின்றன. இவ்வேலை ஒழுங்காக நடப்பதற்கு நீரில் கரைந்துள்ள பிராணவாயு வேண்டும். இதனையே இன்றைய பாடநூல்கள் ஆக்சிஜன் என்கின்றன.

நீரில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. ஒரு லிட்டர் தெளிந்த ஏரி நீரிலோ 8 மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். நமக்குக் கிடைப்பதில் முப்பதில் ஒரு பங்குகூட மீனுக்குக் கிடைப்பதில்லை. வெயில் ஏற ஏற அதுவும் குறைகிறது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்வளத்துக்கு அந்நீர் ஏற்றதன்று என்பது நம் நாட்டில் வகுத்துள்ள அளவு.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். நகரத்துக் கழிவுநீர் ஒரு லிட்டரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் செரிப்பதற்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை பிராணவாயு தேவை. 240 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் சாக்கடையைச் செரிக்க, முப்பது குடம் நல்ல ஏரி நீரிலுள்ள பிராணவாயு முழுவதும் செலவாகிவிடும். காற்றிலிருந்து புதிய பிராணவாயு மெல்ல மெல்லத்தான் நீரில் கரையும். வரவுக்கு மேல் செலவானால் குடும்பம் நொடிப்பதுபோல ஏரியும் நொடிக்கிறது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது, பிராணவாயுக் குறைவே முக்கிய காரணமாகக் கூறப்பட்டது. இத்தகைய சாவு பெரும்பாலும் விடியற்காலையில் நேர்வது. பகலில் வெயிலின் துணைகொண்டு பிராணவாயுவை வெளியிடும் பாசி, இரவில் அதை உட்கொள்கிறது. எனவே இரவு முடியும் வேளையிலே பிராணவாயு மிகவும் குறைந்து காணும்.

இனி, ஏரியைக் கெடுக்கும் பொருள்களை மூவகையாகப் பிரித்துக் காண்போம். அவற்றை ஒன்றாகக் குழப்புவதாலேயே நாம் ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்து ஏமாறுகிறோம்.

முதல் வகை, சலவைப் பொருள்கள். துணி துவைக்கும் தூளிலும் பாத்திரம் துலக்கும் கட்டியிலும் உள்ள மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு எனலாம். தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். அதனாலேயே அது பிசுக்கைப் பிரித்தெடுக்கிறது. அதே இயல்பினால், நீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்குமிடத்தில் குமிழிகள் உடையாமல் நின்று நுரையாகின்றன. மீனின் செவுள் மேலுள்ள வழுவழுப்பான காப்பையும் அது கரைத்து விடுகிறது.

1950-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் இவ்வாறே நுரைத்தன. அக்காலத்துச் சலவைப் பொருளின் வால் கிளை கிளையாக இருந்தமையால் நுண்ணுயிர்களால் அதனைச் சிதைக்க இயலவில்லை. 1961-இல் ஜெர்மனி சட்டம் இயற்றியது. 1965-க்குள் அமெரிக்க உற்பத்தியாளர்களும் நேரான வாலுள்ள பொருளுக்கு மாறினர். நுரை பெரிதும் குறைந்தது. இன்று நம் நாட்டில் விற்பனையாகும் தூள்களிலும் பெரும்பாலும் இந்தச் சிதையும் வகையே உள்ளது. அங்ஙனமாயின் நம் ஆறு ஏன் நுரைக்கிறது?

சிதையும் பொருள் சிதைவதற்கும் பிராணவாயு வேண்டும். பெல்லந்தூரில் அது தீர்ந்துபோயிற்று. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து விளக்கியுள்ளனர். சலவைப் பொருள் சிதையாமல் அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு நாளுக்கு நாள் செறிவடைகிறது. பெருமழை வந்து சேற்றைக் கிளறும்போது வெளிப்பட்டு நுரையாகப் பொங்குகிறது. மழைக்காலத்தில் நுரை மிகுவதன் இரகசியம் இதுவே. வர்த்தூரில் சாலையோரம் வலை கட்டி நுரையைத் தடுத்தனர். நீரைப் பீய்ச்சியும் அடக்கினர். குமிழி உடைந்ததேயன்றி, குமிழியை உண்டாக்கிய பொருள் நீரில்தான் இருந்தது.

இரண்டாம் வகை, உரச்சத்து. கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். ஏரிக்கு உணவு மிகுவதும் ஒரு நோயே. மனிதக் கழிவிலும் சலவைத் தூளிலும் வயல்களிலிருந்து வடியும் இரசாயன உரத்திலும் பாஸ்பரஸ் உண்டு. 1 கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால், ஏறத்தாழ 100 கிராம் உலர்ந்த எடையுள்ள பாசி வளர்வதற்கு அது போதும். 1973-இல் கனடா நாட்டில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் விஞ்ஞானி ஓர் ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் சேர்ந்த பொருள்களை இட்டார். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்து இட்டார். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பச்சைப் பசேலென மாறிற்று. வானிலிருந்து எடுத்த அதன் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

நான் தலைமையாசிரியராக இருந்த நாளில் இதனைப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு கண்ணாடிப் புட்டிகளே போதுமாயிருந்தன. இரண்டிலும் ஒரே குளத்து நீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் சூப்பர் பாஸ்பேட் உரத்தில் ஒரு சிட்டிகை இட்டுச் சன்னலோரம் வெயிலில் வைப்போம். இரண்டு வாரங்களில் அந்தப் புட்டி பச்சையாகிவிடும். "சார், உரம் போட்டால் நல்லதுதானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நெல்லுக்கு நல்லது ஏரிக்கு நல்லதன்று என்று அங்கே சொல்லிக் கொடுக்க முடிந்தது.

மிகுந்து வளர்ந்த பாசியும் ஆகாயத்தாமரையும் வெயிலை மறைக்கின்றன. அடியிலுள்ள செடிகள் மடிகின்றன. பாசியே செத்து அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் தீர்கிறது. பிறகு மூச்சுக்காற்று வேண்டாத நுண்ணுயிர்களின் ஆட்சி தொடங்குகிறது. மீத்தேன் வாயுவும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்புகின்றன. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்கவல்லவை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. ஆகவே ஏரி நீரின் மேல் பச்சை வண்ணக் குழம்புபோல் பாசி படர்ந்திருக்குமானால், அந்நீரைக் குடிக்க வேண்டா. ஆடு மாடுகளுக்கும் காட்ட வேண்டா.

இங்கே ஓர் எச்சரிக்கை. கழிவுநீர் நிலையங்கள் சாதாரண முறையில் சுத்தம் செய்யும்போது அழுகும் பொருளைப் பெருமளவு நீக்குகின்றன. பாஸ்பரஸின் பெரும்பகுதியை விட்டுவிடுகின்றன. அதனைப் படிகாரம் முதலியவற்றால் தனியே பிரித்தெடுக்க வேண்டும். "சுத்தம் செய்த நீரைத்தான் விடுகிறோம்" என்று எவரேனும் சொன்னால், "பாஸ்பரஸை எடுத்தீர்களா?" என்று கேட்கும் உரிமை கீழே இருப்பவர்க்கு உண்டு.

மூன்றாம் வகையே மிகவும் அஞ்சத்தக்கது. பாதரசம், ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்கள் அவை. அழுக்கு அழுகித் தீரும். சலவைப் பொருளும் காற்றுப் பட்டால் நாளடைவில் சிதையும். உலோகம் ஒருநாளும் அழியாது. அது நுரைப்பதில்லை; நாறுவதில்லை; பெரும்பாலும் நிறமும் காட்டுவதில்லை. சேற்றில் படிந்து, சேற்றை உண்ணும் புழுவில் ஏறி, புழுவை உண்ணும் மீனில் ஏறுகிறது. பாதரசமோ படிக்குப் படி செறிந்து, பெரு மீனை உண்ணும் மனிதரிடம் வந்து சேருகிறது. ஜப்பான் நாட்டு மினமாட்டா விரிகுடாவில் இவ்வாறு பாதரசம் கலந்த மீனை உண்டவர்கள் நரம்பு நோயால் துடித்த செய்தி 1956-இல் உலகுக்குத் தெரிந்தது.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை, பாதரசக் கழிவு பற்றிய எதிர்ப்பால் 2001-இல் மூடப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 2006-இல், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். அழகே உருவான அந்த ஏரியில் படகில் செல்வோர் எவர் கண்ணுக்கும் அது தெரிந்திராது.

இந்த மூன்றையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். கெலவரப்பள்ளியில் நுரை அடங்கும்போது முதல் வகையின் அடையாளம் மட்டும் மறைகிறது. இரண்டாம் வகை நீரோடு கரைந்து கீழேயுள்ள ஏரிகளுக்கு நடக்கிறது. மூன்றாம் வகை வந்திருக்குமானால் சேற்றில் படுத்திருக்கிறது. ஆகவே நுரையைக் கணக்கிட்டு நீரின் நலத்தை அளப்பது, காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு நோய் தீர்ந்தது என்பதை ஒக்கும்.

நோய்க்கு மருந்து உண்டா? உண்டு என்பதற்கு உலகில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரி, சுற்றுப்புற ஊர்களின் கழிவுநீரால் 1950-களில் பாசியேறிக் கெட்டது. எட்மண்ட்சன் என்னும் விஞ்ஞானி அதன் காரணத்தை மக்களுக்கு எடுத்துச் சொன்னார். மக்கள் வாக்களித்து, தாங்களே செலவை ஏற்று, 1963 முதல் 1968-க்குள் கழிவுநீர் முழுவதையும் ஏரியில் விழாமல் திருப்பினர். முன்பு முக்கால் மீட்டர் ஆழத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அந்த நீரில், 1970-களில் மூன்று மீட்டர் ஆழம் வரை தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் அது ஆழமான ஏரி. நம் ஏரிகளைப்போல் ஆழமற்ற ஏரியொன்று சுவீடன் நாட்டில் இருக்கிறது. ட்ரம்மன் என்பது அதன் பெயர். 1950-களின் இறுதியிலேயே அங்கே கழிவுநீரை நிறுத்திவிட்டார்கள். பத்தாண்டு கடந்தும் ஏரி தெளியவில்லை. பழைய சேறே உள்ளிருந்து உரத்தை விட்டுக்கொண்டிருந்தது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அச்சேற்றின் மேலடுக்கை வாரி எடுத்த பிறகே ஏரி மீண்டது. தூர் வாருவது நம் முன்னோர் ஆண்டுதோறும் செய்த பணி. அவர்கள் வாரிய வண்டலை வயலிலே இட்டார்கள். ஆலைக் கழிவு கலந்த ஏரியின் வண்டலை அவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு வயலில் இடலாகாது. 2017-இல் ஏரி வண்டலை உழவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ள நம் அரசு அனுமதித்தது நல்ல திட்டமே. ஆற்று வழியாகக் கழிவுநீர் வரும் ஏரிகளில் மட்டும், உலோகம் உண்டா என்று சேற்றைச் சோதித்த பின்னரே வண்டி பூட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று. கழிவுநீரை அது பிறக்கும் ஊரிலேயே, பாஸ்பரஸும் நீங்குமாறு சுத்தம் செய்ய வேண்டும். முலாம் பூசும் பட்டறை போன்றவற்றின் உலோகக் கழிவைச் சுண்ணாம்பு முதலியவற்றால் பட்டறைக்குள்ளேயே படிய வைத்துப் பிரித்துவிட வேண்டும். சாக்கடையில் கலந்த பின் பிரிப்பது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போலாகும். ஏற்கெனவே படிந்த சேற்றைச் சோதித்து அகற்ற வேண்டும். இவற்றுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-இலேயே இயற்றப்பட்டது. 2010-இல் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2017-இல் பெல்லந்தூரைச் சுற்றியிருந்த ஆலைகளை மூட ஆணையிட்டது.

பெங்களூரை மட்டும் குறை கூறி நாம் கை கழுவிவிட முடியாது. நம் பக்கத்து ஊர்களின் சாக்கடையும் ஆற்றுக்குத்தான் வருகிறது. கெலவரப்பள்ளியின் பாசனம் ஏறத்தாழ 8,000 ஏக்கர்; கிருஷ்ணகிரி அணையின் பாசனம் ஏறத்தாழ 9,000 ஏக்கர். நாம் அளவுக்கு மேல் இடும் உரமும் வடிந்து அதே நீரில்தான் சேருகிறது. மேலே இருப்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை, நமக்குக் கீழே சாத்தனூரிலும் கடலூரிலும் இருப்பவர் நம்மிடம் எதிர்பார்ப்பர்.

இறுதியாக, ஆசிரியன் என்ற முறையில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். 1865-இல் இத்தாலி நாட்டுச் செக்கி என்னும் பாதிரியார், வெள்ளைத் தட்டு ஒன்றை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். இன்றும் விஞ்ஞானிகள் ஏரியின் தெளிவை அவ்வாறே அளக்கின்றனர். ஒரு சாண் அகலமுள்ள வெள்ளைத் தட்டும், அடியில் கட்டக் கல்லும், முடிச்சிட்ட கயிறும் இருந்தால் போதும். மழையின் கலங்கல் இல்லாத நாளில், மாதம் ஒருமுறை, அதே இடத்தில், நண்பகலில், பெரியவர் ஒருவர் துணையோடு அளவுங்கள். நீரின் நிறம், நாற்றம், செத்த மீன் உண்டா இல்லையா என்பவற்றையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆண்டுகள் சில சென்ற பின் அந்த நோட்டைக் கிராம சபையில் வைத்துப் படித்தால், ஏரி தேறுகிறதா தேய்கிறதா என்பதை நுரையைப் பார்த்து ஊகிக்க வேண்டியிராது. கணக்கைக் கொண்டே அதிகாரிகளிடம் பேசலாம். வரும் மாதமே தொடங்குங்கள்.